கீழே விழுந்த போனில் மைக் போச்சா? கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

போன் கீழே விழுந்தால் எல்லோரும் முதலில் புரட்டிப் பார்ப்பது டிஸ்ப்ளேயைத்தான். கண்ணாடியில் கீறல் இல்லை என்றதும் ‘அப்பாடா’ என்று துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். மைக் அடிபட்டது அடுத்த கால் வரும்போதுதான் தெரியும். அவர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவருக்குக் கேட்காது. ‘ஹலோ, ஹலோ, லைன் சரியில்லீங்க’ என்று அந்தப் பக்கம் வைத்துவிடுவார்.

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் வேலை எனக்கு. ‘மைக் போச்சு’ என்று வரும் செட்களில் மைக்கே கெடாதவை நிறைய. எங்கேயோ கிடக்கும் புளூடூத் இயர்பட்ஸோடு போன் சேர்ந்திருக்கும், ஓட்டையில் பஞ்சு அடைத்திருக்கும், இல்லையென்றால் டவர் பிரச்சினையாக இருக்கும். இதற்கு நேர்மாறாக, நல்லாயிருந்த மைக்கைச் சிம் பின்னால் குத்திக் காலி பண்ணிவிட்டு வருகிறவர்களும் உண்டு. கொஞ்ச நேரம் ஒதுக்கினால், போனில் எந்த மைக் எந்த நேரத்தில் வேலை செய்யவில்லை என்பதை ஸ்க்ரூ டிரைவர் எடுக்காமலே கண்டுபிடித்துவிடலாம். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இது ரொம்பவே முக்கியம். இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்த பிறகு ‘புளூடூத்தை ஆஃப் பண்ணிட்டேங்க, சரியாயிடுச்சு’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவது யாருக்கும் பிடிக்காது.

விழுந்த கையோடு

மைக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியது பேட்டரி. போனை மேசையில் மல்லாக்கப் போட்டு, பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். பின் மூடி உப்பியிருந்தாலோ, டிஸ்ப்ளே ஓரம் தூக்கிக்கொண்டு இடைவெளி விட்டிருந்தாலோ, போன் சும்மா இருக்கும்போதே சுட்டாலோ, சார்ஜ் போடாதீர்கள். ஆஃப் செய்து நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள். அடிபட்ட லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். மைக் கதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்காடு ஏரிக்கரையிலோ மழைத் தண்ணீரிலோ விழுந்திருந்தால் அது வேறு வைத்தியம். உடனே ஆஃப் செய்து, சிம் தட்டை வெளியே எடுத்து, சார்ஜிங் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து மெல்லத் தட்டுங்கள். பிறகு ஃபேன் காற்றில் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். அரிசி மூட்டைக்குள் புதைப்பதும் வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே தன் ஐபோன்காரர்களைத் தடுக்கிறது.

அடுத்து, எந்த மூலை அடிபட்டது என்று பாருங்கள். இதை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் பாதி விடை இதில்தான் இருக்கிறது. சார்ஜிங் ஓட்டைப் பக்கத்து மூலை நசுங்கியிருந்தால் கீழ் மைக்மேல் சந்தேகம். கேமரா பக்கத்து மூலை என்றால் மேல் மைக். ஃபிரேம் கொஞ்சம் வளைந்தாலே வெளியே உள்ள ஓட்டையும் உள்ளே உள்ள மைக்கும் நேர்க்கோட்டில் இல்லாமல் போய்விடும்.

போனில் ஒரு மைக் இல்லை

புதிதாக வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. இன்றைய ஸ்மார்ட்போன்களில் பெரும்பாலும் இரண்டு மைக், சிலவற்றில் மூன்று, அதற்கு மேலும் உண்டு. சார்ஜிங் ஓட்டைக்குப் பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை தெரியும், அதுதான் முக்கிய மைக். கால் பேசும்போதும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பும்போதும் பெரும்பாலும் வேலை செய்வது அது. போனின் மேல் விளிம்பில் இன்னொரு துளை இருக்கும். நீங்கள் பேசும்போது சுற்றியிருக்கும் பஸ் சத்தத்தையும் தறிச் சத்தத்தையும் அது தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளும். போன் அதை உங்கள் குரலிலிருந்து கழித்துவிட்டு மீதியை அனுப்பும். மூன்றாவது இருந்தால் பின்பக்கம் கேமராவை ஒட்டி இருக்கும், வீடியோவுக்கு. லவுட்ஸ்பீக்கரில் பேசும்போது பல மாடல்களில் மேல் மைக் வேலைக்கு வந்துவிடும். இந்த ஒரு விஷயம் பின்னால் ரொம்பப் பயன்படும்.

மைக் என்றதும் மேடையில் நிற்பது ஞாபகத்துக்கு வரும். போனுக்குள் இருப்பது மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சின்னத் தகர டப்பி. உள்ளே சிலிக்கானில் செய்த, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய சவ்வு ஒன்று ஆடும். டப்பி போர்டில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். வெளித் துளைக்கும் டப்பிக்கும் நடுவில் ஒரு மெல்லிய வலையும், ரப்பர் வாஷர் மாதிரி ஒன்றும் இருக்கும். போன் விழும்போது சவ்வு கிழிவதைவிட, ஈயம் விட்டுப்போவதும் ரப்பர் நகர்வதும் போர்டை இணைக்கும் ஸ்ட்ரிப் (பட்டையான மெல்லிய வயர்) கழன்றுகொள்வதும்தான் அதிகம் நடக்கும்.

இப்போது சோதனை

தறி ஓடும் இடத்திலோ ரோட்டோரத்திலோ இதைச் செய்யாதீர்கள். ஃபேனையும் நிறுத்திவிட்டு ஒரு அறைக்குள் உட்காருங்கள். பவுச்சைக் கழற்றுங்கள். புதிதாகப் போட்ட பவுச்சாலோ ஓரம் வரை வந்த டெம்பராலோ மைக் துளை மூடிப்போய், ‘விழுந்ததிலிருந்துதான் இப்படி’ என்று வந்த போன்களும் உண்டு. விழுந்ததால் பயந்துபோய் வாங்கிய புதுப் பவுச்தான் வில்லன். போனை ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். பிறகு ஏர்ப்ளேன் மோடு போடுங்கள். டவரும் புளூடூத்தும் குறுக்கே வராமல் இருக்கத்தான் இது. சில போன்களில் ஏர்ப்ளேன் மோடு போட்டாலும் புளூடூத் ஆனிலேயே இருக்கும், அதைத் தனியாக ஆஃப் செய்யுங்கள்.

முதல் சோதனை வாய்ஸ் ரெக்கார்டர். போனோடு வந்த ரெக்கார்டர் ஆப்பைத் திறந்து, வழக்கமாகக் காதில் வைத்துப் பேசும் தூரத்தில், வழக்கமான குரலில் பேசுங்கள். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினால் போதும். எண்ணி முடித்ததும் ரெக்கார்டிங்கை நிறுத்தாமல், கீழ்த் துளைமேல் நகத்தால் லேசாக வருடுங்கள். அடுத்து மேல் துளையை வருடுங்கள். அப்புறம் போட்டுக் கேளுங்கள்.

அந்த வருடல்தான் இதில் முக்கியம். உயிரோடு இருக்கும் மைக்கை வருடினால் ‘சரக் சரக்’ என்று குரலைவிடப் பெரிதாகக் கேட்கும். வருடல் பெரிதாகக் கேட்டு, பேசியது மட்டும் தூரத்தில் இருப்பதுபோல மங்கலாக இருந்தால், மைக் நன்றாக இருக்கிறது, துளை அடைத்திருக்கிறது அல்லது ரப்பர் நகர்ந்திருக்கிறது. வருடலும் இல்லை, பேச்சும் இல்லை என்றால் மைக்கோ அதன் இணைப்போ செத்திருக்கிறது. பேச்சு கேட்கிறது, ஆனால் விட்டுவிட்டு, கரகரவென்று வருகிறதா? ரெக்கார்ட் ஆகும்போதே போனின் கீழ்ப்பக்கத்தை இரண்டு விரலால் மெல்ல அழுத்தி விடுங்கள். அழுத்தும்போது தெளிவாகி, விட்டதும் போய்விட்டால், உள்ளே ஏதோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது. உடைந்த மைக்கைவிட இது நல்ல செய்தி.

மேல் துளையை வருடியது கேட்கவில்லை என்று பதற வேண்டாம். பல ரெக்கார்டர்கள் கீழ் மைக்கை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். சாம்சங் ரெக்கார்டரில் ‘இன்டர்வியூ’ என்றொரு மோடு உள்ள மாடல் உங்களுடையது என்றால் அதைப் போடுங்கள். மேல் மைக், கீழ் மைக் இரண்டின் அலையும் திரையில் தனித்தனியாக ஓடும், எது படுத்துவிட்டது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது வீடியோ. முன் கேமராவில் ஒன்று, பின் கேமராவில் ஒன்று, பேசிக்கொண்டே எடுங்கள். ஐபோனில் கீழ் மைக்குக்கு வாய்ஸ் மெமோஸ், மேல் மைக்குக்கு முன் கேமரா வீடியோ, பின் மைக்குக்குப் பின் கேமரா வீடியோ என்று பிரித்துப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் இது மாடலுக்கு மாடல் மாறும். ஆனாலும் ‘ரெக்கார்டரில் இல்லை, வீடியோவில் இருக்கிறது’ என்று தெரிந்தாலே மெயின் போர்டு பிழைத்திருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம்.

மூன்றாவது, ஏர்ப்ளேன் மோடை எடுத்துவிட்டு வீட்டில் இன்னொருவருக்குக் கால் போடுங்கள். அவர் அடுத்த அறைக்குப் போகட்டும். சாதாரணமாகப் பேசுங்கள், பிறகு லவுட்ஸ்பீக்கர் போட்டுப் பேசுங்கள். சாதாரணமாகப் பேசினால் கேட்கவில்லை, லவுட்ஸ்பீக்கரில் கேட்கிறது என்றால் கீழ் மைக்தான் ஆள். இரண்டிலும் கேட்கவில்லை, ஆனால் ரெக்கார்டரில் தெளிவாக இருந்தது என்றால் போனைத் திறக்க வேண்டாம். செட்டிங்ஸையோ டவரையோ பார்க்க வேண்டும். ரெக்கார்டரில் தெளிவு, காலில் மட்டும் குரல் வெட்டி வெட்டிப் போகிறது என்றால் மேல் மைக்மேல் ஒரு சந்தேகம் வையுங்கள். அது அடிபட்டுத் தாறுமாறாகக் கொடுத்தால், எது இரைச்சல், எது உங்கள் குரல் என்று போனுக்குப் பிடிபடாமல் குரலையும் சேர்த்துக் கழித்துவிடும்.

அந்தப் பக்கம் பேசுகிறவருக்கு அவர் குரலே திரும்ப எதிரொலிக்கிறது என்றால் அது ரப்பர் நகர்ந்ததன் அடையாளம். உங்கள் போன் ஸ்பீக்கர் சத்தம் உள்பக்கமாகவே மைக்குக்குப் போய்ச் சேருகிறது.

கடைசியாக, மைக் உள்ள வயர் ஹெட்செட் ஒன்றைச் செருகிப் பேசிப் பாருங்கள். அதில் எல்லாம் சரியாக இருந்தால் கோளாறு போனின் சொந்த மைக்கோடு நின்றுவிட்டது. கடை திறக்கும் வரை அதையே வைத்துச் சமாளிக்கலாம்.

போனுக்குள்ளேயே சோதனை மெனுவும் இருக்கும். சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பைத் திறந்து டயக்னாஸ்டிக்ஸ் போனால் மைக் சோதனை உண்டு. ஷாவ்மி, ரெட்மி போன்களில் டயல் பேடில் *#*#6484#*#* அடித்தால் ஹார்டுவேர் சோதனைப் பட்டியல் வரும். அதில் மைக்கைத் தவிர வேறு எதையும் நோண்ட வேண்டாம்.

மலையில் இருந்தால் டவரையும் சந்தேகப்படுங்கள்

சேர்வராயன் மலையில் ‘ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது’ என்றால் மைக்கைக் குற்றம் சொல்வதற்கு முன் நிற்கிற இடத்தைப் பாருங்கள். வளைவுகளிலும் காப்பித் தோட்டங்களுக்கு நடுவிலும் சிக்னல் ஒரு கோடாகவோ இல்லாமலோ போகும். போனுக்கு டவர் சொல்வது வந்து சேரும், போன் திருப்பி அனுப்புவது போகத் தடுமாறும். அப்போதும் அறிகுறி அச்சாக மைக் போனது மாதிரியே இருக்கும். அடிவாரத்திலிருந்து மேலே போகிற வழியில் போன் விழுந்து, ஏற்காடு போய்ச் சேரும்வரை குரல் போகவில்லை என்றால், அது விழுந்ததால்தானா டவராலா என்று கால் பேசிப் பார்த்துச் சொல்லவே முடியாது. அதற்காகத்தான் ஏர்ப்ளேன் மோடில் ரெக்கார்டர் சோதனை.

ரெக்கார்டர் சரியாக இருந்தால் ஏரிப் பக்கமோ பஸ் ஸ்டாண்டுப் பக்கமோ, சிக்னல் முழுசாக இருக்கும் இடத்துக்கு வந்து மறுபடி கால் போடுங்கள். வைஃபை இருந்தால் வாட்ஸ்அப் காலில் பேசிப் பாருங்கள். அதில் கேட்டுவிட்டால் மைக்கை விட்டுவிடலாம். சிம்மைக் கழற்றி மாட்டுங்கள், அல்லது இன்னொரு போனில் போட்டுப் பாருங்கள். அந்தப் போனிலும் அதே இடத்தில் அதே கதை என்றால் 198க்கு அழைத்து நெட்வொர்க் கம்பெனியிடம் புகார் கொடுக்கலாம்.

செட்டிங்ஸில் ஒளிந்திருப்பவை

புளூடூத்தை முதலில் ஆஃப் செய்யுங்கள். பீரோ மேல் கிடக்கும் இயர்பட்ஸ் டப்பி சரியாக மூடாமல் இருந்தால்கூடப் போன் அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். நீங்கள் போனைப் பார்த்துப் பேசுவீர்கள், போனோ பீரோவைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஹெட்போன் படம் திரையின் மேலே தெரிகிறதா? எதுவும் செருகாமலே தெரிந்தால், ஜாக்குக்குள் தூசியோ ஈரமோ உடைந்த பின்னோ இருக்கிறது. போன் ஹெட்செட் மாட்டியிருப்பதாக நினைத்துச் சொந்த மைக்கை மூடி வைத்திருக்கும். நல்ல ஹெட்செட் பின்னை இரண்டு மூன்று தடவை செருகி எடுத்தால் பல நேரம் சரியாகிவிடும்.

2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், மேலிருந்து இழுத்தால் வரும் பட்டியலில் மைக்கை மொத்தமாக மூடும் பொத்தான் ஒன்று இருக்கிறது. கீழே விழுந்த போனை அவசரமாக எடுக்கும்போதோ குழந்தை கையில் இருக்கும்போதோ அது அமுங்கிவிடலாம். ஒரே ஒரு ஆப்பில் மட்டும் குரல் போகவில்லை என்றால் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பெர்மிஷனைத் திறந்து மைக்கை அனுமதியுங்கள். கால் ரெக்கார்ட் பண்ணுகிற ஆப், குரல் மாற்றுகிற ஆப் என்று ஏதாவது போட்டிருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள். எந்த ஆப் என்று தெரியவில்லையா? பவர் பட்டனை அழுத்தினால் வரும் ‘பவர் ஆஃப்’ எழுத்தின்மேல் விரலை வைத்துப் பிடித்திருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டில் சேஃப் மோடு கேட்கும். அதில் நீங்கள் போட்ட ஆப் எதுவும் ஓடாது. அங்கே மைக் வேலை செய்தால் குற்றவாளி ஒரு ஆப்தான்.

ஃபேக்டரி ரீசெட் பற்றி என் கருத்து: கீழே விழுந்த போனுக்கு அது கடைசி வைத்தியம்கூட இல்லை. சேஃப் மோடிலும் ரெக்கார்டர் ஊமையாக இருக்கும் போனில் ரீசெட் பண்ணினாலும், கடையில் ‘சாஃப்ட்வேர் போடணும்’ என்று காசு வாங்கிப் போட்டாலும், போட்டோவும் காண்டாக்டும் போனதுதான் மிச்சம். விட்டுப்போன ஈயம் சாஃப்ட்வேரால் ஒட்டாது.

துளையைச் சுத்தம் செய்வது

இந்த ஊரில் போனின் அழுக்கைப் பார்த்தே ஆள் எங்கே வேலை செய்கிறார் என்று சொல்லிவிடலாம். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைத் தறிக்காரர்கள் போனில் மெல்லிய பஞ்சு, சார்ஜிங் ஓட்டைக்குள் திண்டு மாதிரி இறுகியிருக்கும். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் இருப்பவர்கள் போனில் மரவள்ளி மாவு. மாவு காய்ந்திருக்கும்வரை உதிர்ந்துவிடும், வேர்வைக் கையோ ஈரத்துணியோ பட்டால் பசையாகி வலையை அடைத்துக்கொள்ளும். லேத் பட்டறைக்காரர்கள் போனில் இரும்புத் தூள் ஸ்பீக்கர் வலைமேல் முளைத்தாற்போல நிற்கும். ஸ்பீக்கரில் காந்தம் இருப்பதால் அது இழுக்கும். மைக்கில் காந்தம் இல்லை, ஆனால் இரண்டு துளையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் தூள் அங்கேயும் சேரும்.

போனை ஆஃப் செய்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். துளை தரையைப் பார்க்கும்படி சாய்த்துப் பிடித்து, புதிய, உலர்ந்த, மென்மையான டூத் பிரஷால் பக்கவாட்டில் தேயுங்கள். மேலிருந்து குத்தக் கூடாது, தேய்த்துத் தள்ள வேண்டும். பஞ்சு வெளியே தலைகாட்டினால் மரப் பல்குச்சியின் நுனியால் விளிம்பிலிருந்து சுரண்டி எடுக்கலாம், உள்ளே விடக் கூடாது. பிசுபிசுப்பு இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை பிரஷ் நுனியில் மட்டும் தொட்டு, உதறிவிட்டு, மேலாகத் துடையுங்கள். துளைக்குள் ஊற்றுவதோ ஸ்பிரே அடிப்பதோ கூடாது. மாவுப் பசைக்குத் தண்ணீரும் கூடாது. வாயால் ஊதினால் எச்சில் உள்ளே போகும். பஞ்சர் கடை ஏர் பைப்பைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் தூசியோடு சவ்வும் போய்விடும்.

சிம் பின் விஷயத்துக்கு வருகிறேன். சிம் தட்டுக்கான துளையும் மைக் துளையும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். சிம் துளைக்குப் பக்கத்தில் தட்டின் விளிம்புக் கோடு நீளவாக்கில் தெரியும், மைக் துளைக்கு அப்படி எதுவும் இருக்காது. தனியாக நிற்கும் துளைக்குள் பின், ஊசி, சேஃப்டி பின் எதையும் விடாதீர்கள். டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே வலை தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சுத்தம் செய்த பிறகு மறுபடி ரெக்கார்டர், மறுபடி வருடல். மங்கல் போய்விட்டால் வேலை முடிந்தது.

கடையில்

கடை வாசலில் இப்படி ஒரு பேச்சு தினமும் நடக்கும்.

“தம்பி, மைக் போச்சுப்பா. என்னாகும்?”

“எப்படிங்க்கா போச்சு? லவுட்ஸ்பீக்கர்ல பேசினா கேக்குதுங்களா?”

“அதெல்லாம் பாக்கலியே. கீழ விழுந்துச்சு, அதோட போச்சு.”

இப்படி வந்தால் நாங்கள் முதலிலிருந்து எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும், அல்லது, நேர்மை குறைந்த இடமாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு போர்டை மாற்றிக் காசு வாங்கிவிடலாம். அதற்குப் பதிலாக ‘ரெக்கார்டர்ல சுத்தமா இல்ல, நகத்துல தேய்ச்சாலும் இல்ல, லவுட்ஸ்பீக்கர்ல கேக்குது, சேஃப் மோடுலயும் பாத்துட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் உட்கார்ந்திருக்கும் தோரணையே மாறிவிடும்.

வாரண்டி இருக்கும் போன் என்றால் முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். விழுந்து அடிபட்டதை வாரண்டியில் பார்க்க மாட்டார்கள், காசு கேட்பார்கள். ஆனால் வெளியே திறந்துவிட்டால் மற்ற கோளாறுக்கும் வாரண்டி போய்விடலாம் என்பதால் அங்கே ஒரு தடவை விலை கேட்டுவிடுவது நல்லது. உடைவுக்குத் தனி இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

உள்ளே என்ன செய்வோம் என்று தெரிந்திருந்தால் உங்களை ஏமாற்றுவது கடினம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கீழ் மைக் மெயின் போர்டில் இருப்பதில்லை. சார்ஜிங் ஓட்டையும் மைக்கும் சேர்ந்த சின்னப் போர்டு ஒன்று அடியில் தனியாக இருக்கும். கடைகளில் சார்ஜிங் போர்டு, சப் போர்டு, சிசி போர்டு என்று ஆளுக்கொரு பேரில் கேட்பீர்கள். அதையும் மெயின் போர்டையும் ஒரு ஸ்ட்ரிப் இணைக்கும். விழுந்த அதிர்ச்சியில் ஸ்ட்ரிப்பின் கனெக்டர் ஒரு பக்கம் லேசாக எழும்பியிருக்கலாம். பின் மூடியைச் சூடு காட்டித் திறந்து, கனெக்டரைக் கழற்றி, துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டுவதுதான் முதல் வேலை. பாகம் எதுவும் மாற்றாமல் இதிலேயே சரியாகிவிடும் போன்களும் உண்டு. அழுத்தினால் தெளிவாகிறது என்று வீட்டிலேயே கண்டுபிடித்தவர்கள் ‘ஸ்ட்ரிப்பைக் கழட்டி மாட்டிப் பாத்துட்டு அப்புறம் போர்டு மாத்துங்க’ என்று தைரியமாகச் சொல்லலாம்.

சரியாகவில்லை என்றால் சப் போர்டு மாற்ற வேண்டும். சாதாரண மாடல்களுக்கு இது சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. மலிவான காப்பி போர்டு போட்டால் மைக் வேலை செய்யும், ஃபாஸ்ட் சார்ஜிங் போய்விடலாம், குரலும் சன்னமாக இருக்கலாம். ‘ஃபாஸ்ட் சார்ஜிங் வருமா?’ என்று முன்கூட்டியே கேளுங்கள். போர்டு கிடைக்காத மாடலில் பழைய மைக்கை ஹாட் ஏரில் (சூடான காற்றை ஊதி ஈயத்தை உருக்கும் கருவி) எடுத்துவிட்டு வேறு மைக் வைப்போம். இதற்குக் கைப்பழக்கம் வேண்டும், அதிகமாகச் சூடு காட்டினால் புது மைக்கும் போய்விடும். ஐபோன்களில் கீழ் மைக் சார்ஜிங் ஸ்ட்ரிப்பிலேயே சேர்ந்து வரும், அதை மொத்தமாக மாற்றுவது வழக்கம். வேலையும் கூடுதல், விலையும் கூடுதல்.

எல்லா மைக்கும் ஒரே நேரத்தில் போயிருந்தால்தான் கவலை. ஒரே அடியில் மேலும் கீழும் இருக்கிற மைக் எல்லாம் உடைவது அபூர்வம். மெயின் போர்டில் ஆடியோ ஐசி, அதாவது சத்தத்தைக் கையாளும் சில்லு, ஆட்டம் கண்டிருக்க வாய்ப்பு அதிகம். 2016இல் வந்த ஐபோன் 7இல் இது பேர்போன கோளாறு. போர்டு வளைந்து ஐசி அடியில் இணைப்பு விட்டுவிடும், கால் பேசும்போது ஸ்பீக்கர் பட்டன் மங்கிப்போகும், வாய்ஸ் மெமோஸ் ரெக்கார்ட் ஆகாது. அந்த ஐசி வேலை எல்லாக் கடையிலும் நடக்காது. மைக்ராஸ்கோப் வைத்து வேலை பார்க்கும் ஆளிடம் போக வேண்டும். பழைய போன் என்றால் செலவைப் போனின் இன்றைய மதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். லவுட்ஸ்பீக்கரிலோ ஹெட்செட்டிலோ வேலை நடக்கிறது என்றால், காசு போடாமல் அப்படியே ஓட்டுவதும் தப்பில்லை.

போனைக் கொடுக்கும் முன் போட்டோவையும் காண்டாக்டையும் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், கால் சோதனைக்குக் கடை சிம் போதும். *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். மைக் வேலைக்கு ஸ்கிரீன் பாஸ்வேர்டு தேவையில்லை, அவசர அழைப்புத் திரையே போதும் என்று சிலர் சொல்வார்கள். அது சரிவராது. ரெக்கார்டரைத் திறக்காமல் மைக்கை முழுசாகச் சோதிக்க முடியாது. புதிய சாம்சங் மாடல்களில் மெயின்டனன்ஸ் மோடு இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் போட்டோ, மெசேஜ், பேங்க் ஆப் எதுவும் எங்கள் கண்ணில் படாது, சோதனை மட்டும் நடக்கும். அந்த வசதி இல்லாத போனா? முடிந்தால் எதிரிலேயே உட்கார்ந்து வேலையை முடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

காசு கொடுக்கும் முன் கவுண்டரிலேயே ரெக்கார்டர், சாதாரண கால், லவுட்ஸ்பீக்கர், வீடியோ நான்கையும் பார்த்துவிடுங்கள். சார்ஜரைச் செருகிப் பாருங்கள். போர்டை மாற்றியதால் சார்ஜிங்கும் தொட்ட வேலைதான். கழற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் ‘மொபைல் சர்வீஸ்’ என்று மட்டும் எழுதினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். என்ன பாகம் மாற்றினார்கள், எத்தனை நாள் கியாரண்டி என்று எழுதச் சொல்லுங்கள். பின்னால் தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்வதற்கு அந்தக் காகிதம் வேண்டும்.

தண்ணீர் புகாது என்று விற்ற போனாக இருந்தால், ஒரு தடவை திறந்த பிறகு அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். ஓரத்துப் பசையைப் புதிதாகப் போட்டு ஒட்டினாலும் பழைய இறுக்கத்துக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். மலைக்குத் திரும்புகிறவர்கள் மழைக்காலத்தில் பைக் ஹோல்டரில் போனை மாட்டிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் போகாமல், ஜிப் உள்ள பிளாஸ்டிக் கவரில் போட்டு உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மூடி சரியாக ஒட்டுவதற்கு ஒரு ராத்திரியாவது ஆகும், அதுவரை பேன்ட் பின் பாக்கெட்டில் வைத்து அதன்மேல் உட்கார வேண்டாம்.